மடிக்கணினிக்குள் ஒரு கைப்பேசி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் கரை சேரும் விசைப்படகின் மீனுக்கு விலை பேசுவதிலிருந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் ஊர்ந்து செல்லும் கன்டெய்னர் லாரிக்குச் சுங்கக் கட்டணம் கழிவது வரையிலும், திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக நுழையும் இளைஞனுக்கு வருங்கால வைப்புநிதிக் கணக்கு பிறப்பதிலிருந்து, புயல் வருகிறது என்ற செய்தி அவன் தாயாருக்கு எட்டுவது வரையிலும், வடசென்னைக் கடலோர ஜனங்களின் ஜீவனத்தில் கைப்பேசி கலவாத காரியம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது இன்று கஷ்டமாகிவிட்டது. வாழ்க்கையில் இவ்வளவு ஆழமாகப் புகுந்துவிட்ட சாதனத்தைத் தொடவும் தள்ளவும் மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம்; அதன் உள்ளே என்ன நடைபெறுகிறது என்று பிரித்துப் பார்க்கும் மார்க்கம் நம் பிள்ளைகளுக்குக் காட்டப்படவில்லை. அப்படி ஒரு மார்க்கம் இருக்கிறது, அதற்குப் புதிதாகப் பொருள் செலவிட வேண்டியதில்லை, அரசாங்கம் மாணவர்கள் கையில் கொடுத்துவரும் மடிக்கணினிக்குள்ளேயே அது அடங்கிக் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கணினி ஒன்றினுள்ளே மென்பொருளின் துணையால் இன்னொரு கணினியைச் சிருஷ்டித்து, அதற்கென்று நினைவகம், திரை, சேமிப்பிடம் எல்லாம் தனியே இருப்பதாகத் தோற்றுவித்து, அதன்மேல் வேறோர் இயங்குதளத்தை ஓடவிடுவதை மெய்நிகர் இயந்திரம் என்று சொல்லுகிறார்கள். உள்ளே ஓடும் இயங்குதளம் தனக்கென நிஜமான யந்திரம் ஒன்று வாய்த்திருப்பதாகவே பாவித்துத் தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கும். இது நேற்று முளைத்த யுக்தியன்று. ஒரு பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளவும், அது தமக்கு மட்டுமே உரியதுபோல் ஒவ்வொருவருக்கும் தோன்றவும் வேண்டி ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கி, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அதை வெளியிட்டது. பிரான்ஸ் தேசத்தவரான ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்ற மென்பொருள், ஒருவகைக் கணினியை முற்றிலும் வேறுவகைக் கணினியின்மேல் நடத்திக்காட்டும் வல்லமையை யாவரும் இலவசமாக எடுத்தாளும்படி செய்தது. 2007 நவம்பரில் கூகிள் ஆண்ட்ராய்டை நிரலாளர்களிடம் முதன்முதலாகக் கொடுத்தபோது, கியூஎமுவை அடிப்படையாகக் கொண்டு கணினித் திரையில் தோன்றும் ஒரு கைப்பேசியையே கொடுத்தது. கையில் பிடிக்கக்கூடிய முதல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசி விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபரில்தான். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் வெளியுலகத்து நிரலாளர்கள், கண்ணால் காணாத ஒரு சாதனத்துக்குச் செயலிகளை எழுதி, மேஜைக் கணினிக்குள்ளேயே அவற்றை ஓட்டிப் பரீட்சித்து ஆயத்தமானார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், கைப்பேசி உலகத்துக்குள் நுழைவதற்குக் கைப்பேசி அவசியமில்லை என்பது விளங்கும்.

முதலில் இதில் ஒரு தடை இருந்தது. கைப்பேசியின் பிராசசர் பெரும்பாலும் ஆர்ம் வகையைச் சேர்ந்தது. மாணவர்களுக்கு வழங்கப்படும் மடிக்கணினிகளின் பிராசசர் எக்ஸ்86 வகையைச் சேர்ந்தது. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்கு விளங்காது. அந்நாளில் கும்பினி வர்த்தகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே நின்று ஒவ்வொரு பேச்சையும் மாற்றிச் சொன்ன மதராஸ் துபாஷியைப் போல, ஒவ்வொரு கட்டளையையும் பெயர்த்துச் சொல்ல ஒரு மென்பொருள் இடையிலே நிற்க வேண்டியிருந்ததால், எல்லாம் மந்தகதியில் நடந்தன. இன்டெல் நிறுவனம் 2005இலும் ஏஎம்டி நிறுவனம் 2006இலும் மெய்நிகர் இயந்திரத்துக்கென்றே பிராசசருக்குள் பிரத்தியேக வசதியை அமைத்துக் கொடுத்த பிறகும், ஆண்ட்ராய்டையே எக்ஸ்86 பிராசசருக்கு ஏற்றபடி மாற்றியமைத்த பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும், அந்தத் தடை பெருமளவு நீங்கிவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ உள்ள ஒரு மாணவி இதைச் செய்யும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். மடிக்கணினியைப் போட்டவுடன் எஃப்2 அல்லது எஃப்10 விசையை அழுத்தினால் விண்டோஸ் எழுமுன்பே அமைப்புத் திரை ஒன்று வரும். அதில் விர்ச்சுவலைசேஷன் என்ற வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கத்தில் வைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோர் உபயோகிக்கும் எமுலேட்டர் என்ற மெய்நிகர் கைப்பேசியை அவள் திறந்தால், திரையின் நடுவே ஒரு கைப்பேசி நிற்கும், மவுஸே விரலாகும். அதன் பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில்தான் விஷயமே இருக்கிறது. இருப்பிடம் என்ற கட்டத்தில் 13.125, 80.297 என்று அட்சரேகை தீர்க்கரேகையை எழுதினால், அந்தக் கைப்பேசி காசிமேட்டுத் துறைமுகத்தில் இருப்பதாக நம்பிவிடும். தீர்க்கரேகையை மட்டும் 80.64 என்று மாற்றினால் ஏறக்குறைய 20 கடல்மைல் கிழக்கே நடுக்கடலுக்குப் போய்விடும். போகும் வழியை ஒரு கோப்பாக எழுதிக் கொடுத்தால், படகு ஓடுவதுபோல் புள்ளி புள்ளியாக நகரும். சிக்னல் இல்லை என்று அவள் கட்டளையிடலாம். பேட்டரி 5 சதவீதம் என்று சொல்லலாம். அந்த நிலையில் தான் எழுதிய எச்சரிக்கைச் செயலி வாய் திறக்கிறதா, மௌனமாகிவிடுகிறதா என்று பார்க்கலாம். எங்கே தடுமாறுகிறதோ அந்த நிலையை அப்படியே சேமித்து வைத்து, எத்தனை தடவை வேண்டுமானாலும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து ஆராயலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதுகூட, ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் இந்தப் பரீட்சை நடக்கும்.

கடலில் கைப்பேசிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், 2017இல் ஒக்கி புயல் குமரிக் கடலில் விளைவித்த துயரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் அற்றுப்போகும். ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன் பின்பு, ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இந்திய விமானநிலைய ஆணையமும் சேர்ந்து, ககன் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி வாங்கும் ஜெமினி என்ற சிறு கருவியை 2019 அக்டோபரில் வெளியிட்டன. அந்தக் கருவி வாங்கும் செய்தியைப் புளூடூத் வழியாக மீனவரின் கைப்பேசிக்குத் தள்ளும்; அவர் வாசிப்பதோ கைப்பேசிச் செயலியில். தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் மீனவ நண்பன் செயலியும் அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம், சர்வதேச எல்லையின் அண்மை ஆகியவற்றைத் தமிழில் சொல்லுகிறது. இவை உயர்ந்த பணிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இவற்றை உபயோகிக்கும் குடும்பத்தில் பிறந்த பெண்ணோ பிள்ளையோ இவற்றை எழுதுகிறவர்களின் வரிசையிலும் நிற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசையறிந்து பெயர் சொல்லும் ஜனங்களுக்கு, திசையை டிகிரிக் கணக்கில் சொன்னால் எவ்வளவு பிரயோஜனம் என்று கேட்க வேண்டுமென்ற நினைப்பு, மீன்பிடித் துறையை அறியாத நிரலாளருக்கு எளிதில் உதிக்காது. உப்பு நீர் தெறித்த கையால் திரையைத் தொட்டால் அது கேட்காது என்பதும், உச்சி வெயிலில் சாம்பல் நிற எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்பதும், படகின் மேல்தட்டில் நின்று பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள். இவற்றை எமுலேட்டர் காட்டாது. கணினிக்குள் ஓடும் கைப்பேசிக்கு வெயிலும் இல்லை, ஈரமும் இல்லை. ஆகவே கடைசிப் பரீட்சைக்குப் படகிலேதான் ஏற வேண்டும். அந்தப் படகிலே ஏறும் உரிமை வேறெவரையும்விட அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கே அதிகம்.

செயலி எழுதுவது எல்லோருக்கும் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு செயலியைச் சோதித்துப் பார்க்கத் தெரிவது ஏழைக் குடும்பங்களுக்கு உடனடியான பாதுகாப்பு. துறைமுகத்திலும் பட்டறைகளிலும் நாட்கூலிக்கு உழைப்பவர்கள், சம்பளத்துக்கும் வாடகைக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்ப, கைப்பேசியிலேயே கடன் கொடுக்கும் செயலிகளிடம் போய் விழுகிறார்கள். அவற்றில் நேர்மையற்றவை, பதிவு செய்யும்போதே தொலைபேசிப் புத்தகத்தையும் புகைப்படங்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் அவதூறு அனுப்பி மானத்தை வாங்குகின்றன. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் ஆகியவற்றை எடுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2ஆம் தேதியிட்ட நெறிமுறைகளில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. சொல்லியிருப்பதை ஒரு செயலி மதிக்கிறதா என்று அப்பாவின் கைப்பேசியில் போட்டுப் பார்ப்பது ஆபத்து. மெய்நிகர் கைப்பேசியிலோ, கற்பனைப் பெயர்கள் பத்தை எழுதி வைத்து, வெற்றுப் படங்கள் இரண்டைப் போட்டு, அந்தச் செயலியை நிறுவி, அது எந்தெந்த அனுமதியைக் கேட்கிறது, அனுமதி மறுத்தால் என்ன செய்கிறது, எந்த முகவரிகளுடன் தொடர்பு கொள்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளலாம். போகும் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் உள்ளடக்கம் தெரியாமற் போகலாம். சில தந்திரமான செயலிகள் தாம் மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதை மோப்பம் பிடித்து அடக்கமாக நடிப்பதும் உண்டு. என்றாலும் கேட்கும் அனுமதிகளின் ஜாபிதாவே பல சமயங்களில் உண்மையைச் சொல்லிவிடும். ஒரு தெருவில் இதைச் செய்யத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் அந்தத் தெருவே காப்பாற்றப்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு வேண்டிய யந்திரம் ஏற்கனவே கொடுக்கப்பட்டு வருகிறது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்த கணினிகளில் 2 ஜிபி நினைவகமே இருந்தது. தானே ஓடுவதற்கும் இன்னொன்றைத் தன்னுள் ஓட்டுவதற்கும் சேர்த்து அது போதாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட புதிய திட்டத்தின் மடிக்கணினிகளில் 8 ஜிபி இருக்கிறது. செயலி எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ முழுவதையும் எமுலேட்டருடன் திறந்தால் அதுகூடச் சற்று நெருக்கடிதான். ஆனால் ஸ்டூடியோவைத் திறக்காமல் எமுலேட்டரை மட்டும் தனியே இயக்கினாலும், மெய்நிகர் இயந்திர மென்பொருளான விர்ச்சுவல் பாக்ஸில் ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 பதிப்புக்கு 2 ஜிபியை ஒதுக்கினாலும் வேலை நடக்கும். லினக்ஸ் பழகியவர்களுக்கு, தனி யந்திரத்தைச் சிருஷ்டிக்காமல் கணினியின் கெர்னல் என்ற இயங்குதள மையத்தையே பங்கிட்டுக்கொண்டு ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்டு என்ற வழியும் இருக்கிறது. அது இன்னும் இலேசானது. சர் தியாகராயா கல்லூரியிலும், பாரதி மகளிர் கல்லூரியிலும், வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளில், தம் கையிலுள்ள கணினி இதற்குச் சக்தி உள்ளது என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கருவி கொடுத்தோம் என்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை.

அரசாங்கச் சேவைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல், புதிதாக வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கு வைப்புநிதியின் யுஏஎன் எண்ணை, சிற்சில விலக்குகள் தவிர, உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் பெறவேண்டும் என்று ஆகியிருக்கிறது. எண்ணூரிலும் மணலியிலும் ஒப்பந்த வேலைக்கு வரும் ஒருவரிடம் கேமராவும் வேகமும் உள்ள ஸ்மார்ட்போன் இல்லையென்றால், அவருடைய சேமிப்பு பிறப்பதற்கே இன்னொருவரின் கைப்பேசி தேவைப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்த நாட்களில், கைப்பேசி நனைந்து கெட்டவர்கள் எத்தனை வாசல்களுக்கு வெளியே நின்றிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். பொதுநூலகத்திலும் இ-சேவை மையத்திலும் உள்ள கணினியில் ஒரு மெய்நிகர் கைப்பேசியைத் திறந்து, அதில் தம் காரியத்தை முடித்து, முடிந்தவுடன் சுவடில்லாமல் அழித்துவிட்டுப் போக வழி இருந்தால் இந்த நிர்ப்பந்தம் தளரும். ஆனால் பல செயலிகள், தாம் ஓடுவது அசல் கைப்பேசியா என்று கூகிளின் பிளே இன்டெகிரிட்டி என்ற ஏற்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெய்நிகர் இயந்திரம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளுகின்றன.

அப்படிச் சாத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் ஐபிஎம் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மோசடியை வெளிப்படுத்தினார்கள்; ஒரு திருட்டுக் கூட்டம் எமுலேட்டர்கள் சுமார் இருபதைக் கொண்டு, பிறருடைய 16,000க்கும் மேற்பட்ட கைப்பேசிகளைப்போல வேஷமிட்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கிக் கணக்குகளிலிருந்து பல மில்லியன் டாலரைக் கவர்ந்திருந்தது. மெய்நிகர் கேமராவின் முன்னால் உயிருள்ள முகத்துக்குப் பதிலாகப் படத்தைக் காட்டவும் முடியும். ஆகவே பணப் பரிவர்த்தனைச் செயலிகளும் முகச் சோதனையும் அந்தக் காவலை வைத்துக்கொள்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. நான் ஆட்சேபிப்பது, வேறு வழியே வைக்காததைத்தான். முகத்தை நம்ப முடியாத இடத்தில் கைரேகையை நம்பலாம். கைரேகைக் கருவி இணைத்த கணினிகள் இ-சேவை மையங்களில் ஏற்கனவே இருக்கின்றன. பணமும் முகமும் சம்பந்தப்படாத சேவைகளுக்கோ, வானிலை எச்சரிக்கைக்கோ, நிவாரண விண்ணப்பத்துக்கோ, வைப்புநிதி பாஸ்புக் பார்ப்பதற்கோ, அந்தக் காவல் அவசியமே இல்லை. இதே பிளே இன்டெகிரிட்டி, கணினியில் ஆண்ட்ராய்டு விளையாட்டு ஆடுவோருக்கென்று மெய்நிகர் இயந்திரத்தை அங்கீகரிக்கும் தனி முத்திரை ஒன்றை வைத்திருக்கிறது. விளையாட்டுக்குத் திறக்கக்கூடிய வாசல் உழைப்பாளியின் பாஸ்புக்குக்குத் திறக்க முடியாததாக இருக்க நியாயமில்லை. திறக்கும்படி நம் அரசுத் துறைகள் கேட்க வேண்டும்.

ஐபோனைப் பற்றிக் கேட்பார்கள். சென்னையை அடுத்த சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலையில் தமிழ்நாட்டுப் பெண்களின் கைகளால் அது கோக்கப்படுகிறது. ஆனால் அதன் இயங்குதளத்தைச் சாதாரண மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்க ஆப்பிள் அனுமதிப்பதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்காக மெய்நிகர் ஐபோனை அமைத்துக் கொடுத்த கோரெல்லியம் என்ற நிறுவனத்தின்மேல் ஆப்பிள் 2019இல் வழக்குத் தொடர்ந்து, 2020 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் பதிப்புரிமை வாதத்தில் தோற்று, 2023 டிசம்பரில் சமரசம் செய்துகொண்டது. ஆண்ட்ராய்டின் அடிப்படையோ திறந்த மூலம். நாம் தொடங்குவதற்கு அது போதும். சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற கைப்பேசி இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியபோது நாடெங்கும் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். அத்தகைய முயற்சிகள் நிலைபெற வேண்டுமானால், இயங்குதளத்தைத் திறந்து பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் முதலில் வேண்டும். அவர்கள் ஐஐடி இருக்கும் அடையாற்றுப் பக்கத்தில் மட்டுமே கிடைப்பார்கள் என்று எண்ணுவது தவறு.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. மாணவருக்குக் கொடுக்கும் மடிக்கணினியில் விர்ச்சுவலைசேஷன் என்ற அந்த ஒரு வரியை இயக்கத்தில் வைத்தே கொடுக்குமாறு அவற்றை வாங்கிக் கொடுக்கும் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் வளர்ப்புத் திட்டத்தில் செயலி சோதனைக்கென்று ஒரு சிறு பாடத்தைச் சேர்க்கலாம். மெய்நிகர் கைப்பேசியை நிறுவுதல், இருப்பிடத்தை மாற்றுதல், சிக்னலைத் துண்டித்தல், அனுமதிகளை வாசித்தல் என்ற அளவில் அது இருந்தால் போதும். எமுலேட்டரின் ஆண்ட்ராய்டு உருவக்கோப்பு ஒரு ஜிபிக்கும் மேல் வரும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா போட்டு, அதையும் வீட்டில் நான்கு பேர் ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்துகொள்ளும் தண்டையார்பேட்டைக் குடும்பத்தில் அதை இறக்குவது எளிதன்று. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் பேரில் எழும் படிப்பகங்களிலும், கிளை நூலகங்களிலும், அந்தக் கோப்பையும் விர்ச்சுவல் பாக்ஸையும் ஒரு வட்டில் போட்டு வைத்து, பென்டிரைவ் கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தால் டேட்டாச் செலவு அடியோடு நீங்கும். அடுத்த தடைக்காலம் தொடங்குமுன் காசிமேட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு நூலகத்திலாவது இதை ஆரம்பித்து வைக்கும்படி பொதுநூலகத் துறையைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.